பசியாறும் வேளையும் இரத்தத்தில் ஏறும் சீனியும்



நம் தோட்டங்களில் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பது "பசியாறியாச்சா?" என்பதுதான். சுகமா என்று கேட்பதற்கு முன்னால் வயிற்றைக் கேட்பது நம்மவர் பண்பு. இந்த இதழில் நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன். கூடவே இன்னொன்றும் கேட்பேன்: எதைக் கொண்டு பசியாறினீர்கள்?

இப்படிக் கேட்க ஒரு காரணம் உண்டு. பால் மரம் வெட்டும் ஓர் அக்கா கால் பெருவிரலில் புண்ணோடு என்னிடம் வந்தார். பூட்ஸ் கடித்த புண். மூன்று வாரமாக ஆறவில்லை. கடித்ததே தனக்குத் தெரியாது என்றார். சாயங்காலம் காலுறையில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். அவருக்கு ஏழு வருடமாக இனிப்பு நீர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர். கிளினிக் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

"பாருங்க டிரசர் ஐயா, வெறும் வயித்துல 6.4தான். சீனி நல்லாத்தான் இருக்கு. புண்ணுதான் ஆற மாட்டேங்குது."

"காலையில என்னக்கா பசியாறுவீங்க?"

"நான் என்னத்தங்க சாப்பிடறேன்? ஒரு கோப்பி, நாலு பிஸ்கட்டு. இனிப்பு நீர்க்காரி ஆச்சே, சோத்தக் காலையில தொடறதே இல்ல."

புண்ணுக்காக அவர் எம்.சி.யில் வீட்டில் இருந்த சமயம் அது. "நாளைக்கு வழக்கம்போல பசியாறிட்டு, சாப்பிட ஆரம்பிச்சதிலிருந்து இரண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் விரலில் குத்திப் பார்த்தேன். 14.8. அக்கா நம்பவில்லை. கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி மறுபடி குத்தினேன். கணக்கு ஏறக்குறைய அதேதான்.

வெறும் வயிற்றில் 6.4 என்பதும் மெய். பசியாறிய பிறகு 14.8 என்பதும் மெய். முதல் கணக்கை மட்டும் பார்த்து இத்தனை நாள் நிம்மதியாக இருந்துவிட்டார். இதுதான் இன்றையப் பாடம்.

கோப்பிக்குள் ஒளிந்திருந்த சீனி

அக்காவின் பசியாறலைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி சீனி என்பது சுமார் 5 கிராம். இனிப்புள்ள டின் பாலில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு பெரிய கரண்டி டின் பாலில் ஏறக்குறைய 11 கிராம் இருக்கும். அக்கா போடுவது இரண்டு பெரிய கரண்டி. அது 22 கிராம். அதற்கு மேல் ஒரு தேக்கரண்டி சீனி. ஆக, கோப்பியில் மட்டும் 27 கிராம். மூன்று கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து என்றால், நாலில் 20 கிராம். மொத்தம் 47 கிராம். முட்டை இல்லை, பருப்பு இல்லை, காய்கறி இல்லை. அத்தனையும் வயிற்றில் நிற்காமல் சீக்கிரம் இரத்தத்துக்குப் போகிற சாமான்.

"ஒண்ணும் சாப்பிடல" என்று சொல்லும் அந்தப் பசியாறல், மூன்று இட்டிலிக்கு மேற்பட்ட மாவுச்சத்தைக் கொடுக்கிறது. ஆனால் மூன்று இட்டிலியும் சாம்பாரும் தருகிற பலம் அதில் இல்லை. ஆகவேதான் பத்து மணிக்குள் பசி எடுக்கிறது. ஒட்டுக்கடையில் ஒரு தே தாரேக், ஒரு வடை. சீனி மறுபடியும் ஏறுகிறது.

சீனி விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஓர் அளவு சொன்னது. பானத்திலும் பலகாரத்திலும் நாம் சேர்த்துக்கொள்ளும் சீனி, ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அந்த 25 கிராம், அக்காவுக்குப் பொழுது விடிவதற்கு முன்பே ஒரு கோப்பையில் தீர்ந்துபோகிறது.

காலையில் ஏன் அதிகம் ஏறுகிறது?

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, தோசை எல்லாம் வயிற்றில் கரைந்து சீனியாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சீனியை உடம்பின் தசைகளுக்குள் அனுப்பி வைப்பது இன்சுலின். கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. இனிப்பு நீர் வந்தவருக்கு இன்சுலின் போதாது, அல்லது இருந்தும் சரியாக வேலை செய்யாது.

விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது சில சுரப்பு நீர்கள் அதிகமாகின்றன. கல்லீரலும் தான் சேர்த்து வைத்த சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அந்த நேரத்தில் இன்சுலினின் வேலையும் மந்தப்படுகிறது. ஆகவே அநேக நோயாளிகளுக்கு அதே அளவு உணவு மதியத்தைவிடக் காலையில்தான் சீனியை அதிகமாக ஏற்றுகிறது. அப்படிப்பட்ட நேரம் பார்த்து நாம் இனிப்புக் கோப்பியை ஊற்றுகிறோம்.

தோட்டத்து வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மழை தூறலாக நாள் முழுதும் பெய்தால் வாய்க்கால் தாங்கும். அதே மழை அரை மணி நேரத்தில் கொட்டினால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு லயத்துக்குள் வருகிறது. மழையின் அளவு ஒன்றுதான், வேகம்தான் வேறு. உடம்புக்குள்ளும் இதே கதைதான். நார்ச்சத்தும் புரதமும் கலந்த உணவு தூறல். இனிப்புத் தண்ணீரும் வெறும் மாவும் கொட்டுகிற மழை.

இப்படி வருடக்கணக்கில் சீனி அளவு மீறி நின்றால் நரம்பு மரத்துப்போகும். இரத்தக் குழாய் கெடும். பூட்ஸ் கடிப்பது தெரியாமல் போவதும், புண் ஆறாமல் நிற்பதும் அதனால்தான். கண்ணும் சிறுநீரகமும் இதே வழியில் பாதிக்கப்படும்.

பசியாறும் முறை: நாலு பாடம்

முதல் பாடம், கோப்பையைச் சுத்தம் செய்யுங்கள். செலவில்லாமல், சமையல் மாறாமல், அதிக பலன் கிடைக்கும் இடம் இதுதான். ஒட்டுக்கடையில் "கூராங் மானிஸ்" என்று சொன்னால் சீனியைத்தான் குறைப்பார்கள், டின் பால் அப்படியே இருக்கும். "கோப்பி ஓ கோசோங்", "தே ஓ கோசோங்" என்று கேட்டு வாங்குங்கள். பால் வேண்டுமென்றால் சீனி கலக்காத பாலை ஒரு கரண்டி விட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் விட முடியாதவர்கள் வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும். மூன்றையும் ஒன்றாகக் கலந்து வரும் கோப்பிப் பொட்டலத்திலும், டின் பால் ஊற்றிய மைலோவிலும் இதே சங்கதிதான். பொட்டலத்தின் பின்பக்கம் சீனி எத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களும் தெரிந்துகொள்வார்கள்.

இரண்டாம் பாடம், மாவுச்சத்தை அளவோடு எடுங்கள். ஒரு துண்டு ரொட்டி, ஓர் இட்டிலி, ஓர் இடியாப்பம், பாதித் தோசை, மூன்று கிரீம் கிராக்கர். இவை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து. நாள் முழுதும் உடம்பால் உழைப்பவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் அளவு ஒன்றல்ல. வீட்டில் இருப்பவர் காலையில் இரண்டு அல்லது மூன்று பங்கோடு நிறுத்தினால் பொதுவாகப் போதும். குலை வெட்டுகிறவர், பால் வெட்டுகிறவர் கூடுதலாகச் சாப்பிட வேண்டியிருக்கும். உங்கள் அளவை கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் பாடம், மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே துணைக்கு ஒரு புரதமும் ஒரு காயும் போகட்டும். சுகாதார அமைச்சு "சுக்கு-சுக்கு-செப்பாரோ" என்று சொல்லிக் கொடுக்கிறது. இது நம் கஷாயத்துச் சுக்கு அல்ல. மங்கில் கால் பாகம் சோறு அல்லது ரொட்டி, கால் பாகம் மீன், முட்டை, பருப்பு, மீதி அரை மங்கு காய்கறி, பழம் என்பது அதன் பொருள். காலையில் அரை மங்கு காய்க்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முழுதாக முடியாவிட்டாலும் ஒரு பிடியாவது சேருங்கள். வீட்டுக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது. வெள்ளரிக்காய் இருக்கிறது. நேற்று இரவு செய்த கங்கோங் பிரட்டல் இருக்கிறது.

நாலாம் பாடம், காயும் முட்டையும் முன்னால், ரொட்டி பின்னால். 2015-ல் நியூயார்க் நகரத்து மருத்துவர்கள் இனிப்பு நீர் உள்ள 11 பேரை வைத்து ஒரு சிறிய சோதனை செய்தார்கள். ஒரே சாப்பாடு. ஒரு நாள் ரொட்டியையும் பழரசத்தையும் முதலில் கொடுத்தார்கள். மறுமுறை காய்கறியையும் கோழியையும் முதலில் கொடுத்து, பிறகு ரொட்டியைக் கொடுத்தார்கள். காயை முதலில் தின்றபோது, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சீனி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. சாப்பாடு மாறவில்லை. வரிசைதான் மாறியது. நாம் இதைச் செய்ய ஒரு காசும் செலவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் சீனியைக் குறைக்கும். வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சீனியை இழுத்துக்கொள்ளும். நிரையில் நடப்பவருக்கு இது தானாகவே கிடைக்கிறது. டிராக்டர் ஓட்டுநர், ஓய்வு பெற்ற பெரியவர், வீட்டிலிருக்கும் அம்மா ஆகியோர்தான் பசியாறியதும் நாற்காலியில் உட்காராமல் கொஞ்சம் நடக்க வேண்டும்.

என்ன சமைப்பது?

விடிவதற்கு முன் எழுந்து பெரட்டுக்கு ஓடும் வீட்டில் பெரிய சமையலுக்கு நேரமில்லை என்பதை நான் அறிவேன். ஆகவே முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: முருங்கைக்கீரை போட்ட முட்டைப் பிரட்டல், இரண்டு துண்டு முழுக்கோதுமை ரொட்டி.

இரண்டு: இரண்டு இட்டிலி, பருப்பும் காயும் நிறைந்த கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம். சாம்பார் தொட்டுக்கொள்ள மட்டும் அல்ல, அள்ளிச் சாப்பிட.

மூன்று: இரவே ஊறவைத்து அவித்த கடலை அல்லது பச்சைப்பயறு ஒரு கிண்ணம், வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கிப் போட்டது. வேலைக் காட்டுக்கும் டப்பாவில் கொண்டு போகலாம்.

நாலு: ஒரு தோசை, அவித்த முட்டை ஒன்று, தக்காளிச் சட்னி.

ஐந்து: ஒட்டுக்கடையில்தான் சாப்பாடு என்றால், நாசி லெமாக்கில் சோறு பாதி. முட்டை, நெத்திலி, கச்சான், வெள்ளரிக்காய் முழுதாக. சம்பலில் சீனி இருப்பதால் கொஞ்சம்தான். தேங்காய்ப்பால் சோறு என்பதால் இது வாரத்தில் ஒரு நாளைக்கு மேல் வேண்டாம். ரொட்டி சானாய் என்றால் ஒன்று, பருப்புக் கறியோடு. அதன் மேல் சீனி தூவ வேண்டாம்.

நம்மிடையே உள்ள சில தவறான எண்ணங்கள்

"கேழ்வரகுக் கூழ் குடிச்சா சீனி ஏறாது" என்கிறார்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் எந்தத் தானியத்தையும் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரம் கரையும். சின்னக் கிண்ணத்தோடு நிறுத்தி, கூடவே பயறோ முட்டையோ சாப்பிடுங்கள்.

"கருப்பட்டி, தேன், குலா மெலாக்கா ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். பெயர் வேறு, இரத்தத்தில் போனால் எல்லாம் சீனிதான்.

"பழைய சோறு நல்லதா டிரசர் ஐயா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவு சீக்கிரம் செரிக்காத மாவாக மாறுவது உண்மை. அதனால் சீனி ஏறுவது கொஞ்சம் குறையலாம். அதற்காகச் சட்டி நிறையச் சாப்பிட்டால் பலன் போய்விடும். நம் வெயிலில் சோறு சீக்கிரம் கெட்டுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

"பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணி குடிக்கிறேன், மாத்திரை வேணாம்" என்பது மிகவும் ஆபத்தான பேச்சு. பாகற்காயைக் கறியாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

பசியாறாமல் போகாதீர்கள்

இதைப் படித்துவிட்டுச் சிலர், "அப்போ காலையில ஒண்ணுமே சாப்பிடாம போயிடலாம்" என்று நினைக்கக்கூடும். வேண்டாம். அப்படி நினைத்த ஒரு தம்பியை, செம்பனைக் காட்டிலிருந்து கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை நனைந்து வேர்த்திருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. "போதையா இருக்கான்" என்று ஒருவர் சொன்னார். குத்திப் பார்த்தால் சீனி 2.9. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு குலை வெட்டப் போயிருக்கிறார். உயரத்தில் அரிவாளை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கிளிக்கிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் வேளை தவறாமல் பசியாற வேண்டும். சீனி 4-க்குக் கீழே இறங்கினால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல் வரும். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இனிப்பு நீர் உள்ளவர் சட்டைப்பையில் ஒரு சிறு பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும். அது மருந்து.

எதைச் சோதிப்பது?

இனிப்பு நீர் உள்ளவர் வெறும் வயிற்றுக் கணக்கோடு நிற்காமல், எப்போதாவது பசியாறி இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். பொதுவாக வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0 வரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 8.5-க்குள் இருப்பது நல்லது. வயதானவர்களுக்கு டாக்டர் வேறு அளவு சொல்லலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனையையும் அரசாங்கக் கிளினிக்கில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நோய் இல்லை என்று நினைப்பவர்களும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு, அதாவது பத்துப் பேரில் மூன்று பேர். நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. 2023 ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 ஆக இறங்கியது. இறங்க முடியும் என்பதற்கு அது அடையாளம்.

சங்கத்துக்கும் இதில் வேலை உண்டு

வேலை நேரத்தில் சாப்பிடுவது யாரும் போடும் தர்மம் அல்ல. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. எடையைக் கூட்ட வேண்டும் என்று நாமே அந்த ஓய்வை விட்டுக்கொடுக்கிறோம். விட்டுக்கொடுக்காதீர்கள். டப்பாவைத் திறந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். கிளைக் கூட்டம் நடக்கும்போது இனிப்புத் தண்ணீருக்குப் பதில் வெறும் தேநீரும் அவித்த கடலையும் வைத்தால், நாம் சொல்வதை நாமே செய்ததாக இருக்கும்.

கடைசியாக, அந்த அக்காவின் கதை. கோப்பி ஓ கோசோங்குக்கு மாற அவருக்கு ஆறு வாரம் பிடித்தது. முதல் வாரம் "கசாயம் மாதிரி இருக்குங்க" என்று என்னைத் திட்டினார். பிஸ்கட்டுக்குப் பதில் முட்டையும் கீரையும் ஒரு தோசையும். கிளினிக் டாக்டர் மாத்திரையின் அளவையும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துப் பசியாறிய பின் பார்த்தபோது 9.1. நல்ல அளவுக்கு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். ஆனாலும் புண் மூடிவிட்டது. விரல் இருக்கிறது. வேலைக்குப் போகிறார். தோட்டத்தில் வேலை இருந்தால்தான் வீடு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நாளைக் காலையில் உங்கள் கோப்பையில் எத்தனை கரண்டி விழுகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டு உங்கள் தோட்டத்து மருத்துவமனைக்கு ஒருமுறை வாருங்கள். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவுதான் வேலை.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்